ஜீப்பின் ஸ்டியரிங் எந்தப் பக்கம்

ஹட்டனில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம் கண்காட்சி வைத்தார்கள். சீனியர் வகுப்பில் ஆளுக்கொரு மாதிரிப் பொருள் செய்துகொண்டு போக வேண்டும். பொருளுக்கு முன்னால் ஓர் அட்டை. அதில் பெயர், அளவு, ஆதாரம் என்று மூன்று வரி. நன்றாக அமைந்த இரண்டு பொருள்கள் நுவரெலியாவுக்குப் போகும் என்றார்கள். வகுப்பில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து வந்தவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் கடைவீதிப் பிள்ளைகள், கிளாக்கர் வீட்டுப் பிள்ளைகள். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் பேனா பிடித்ததில்லை. நுவரெலியாவுக்குப் போகும் இரண்டில் ஒன்று என்னுடையதாக இருக்க வேண்டும் என்று எனக்குள் முடிவாகிவிட்டது.

இரண்டாம் உலக யுத்த காலத்து ராணுவ ஜீப் செய்வதென்று பெயர் கொடுத்தேன். காரணம், அளந்து பார்க்க ஒரு வண்டி கிடைத்தது. கொட்டகலை பஜாரில் ஒரு முதலாளி, யுத்தம் முடிந்ததும் ஏலத்தில் எடுத்த ஜீப்பை மூட்டை ஏற்ற வைத்திருந்தார். அவருடைய மகள் என் வகுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் அடிக்கோலை எடுத்துக்கொண்டு போய், முன் பம்பரிலிருந்து பின் பலகை வரை அளந்து எழுதினேன். டிரைவர் கடைப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா தங்கச்சி, ஜீப்புக்குச் சட்டை தைக்கப் போறியா?"

அடிக்கு ஓர் அங்குலம். பதினோரு அடி வண்டி, பதினோரு அங்குல வண்டியானது. அப்பா ஃபேக்டரியில் தேயிலைப் பெட்டி அடிக்கிறவர். உடைந்த பெட்டிப் பலகையும், பெட்டியின் ஓரத்துக்குப் போடும் தகரப் பட்டையும் கேட்டு வாங்கி வந்தார். நான் கோடு போட்டுக் கொடுத்தேன், அவர் அறுத்தார். கொய்யாக் கிளையைச் சில்லு சில்லாக வெட்டிச் சக்கரமாக்கினோம். ஒரு நூல் அளவு கூடினாலும் திரும்பச் சீவச் சொன்னேன். "துரைகூட இவ்வளவு பேச மாட்டார்" என்றார் அப்பா.

அம்மா கொழுந்து எடுத்துவிட்டு மலையிலிருந்து வந்து, கூடையை இறக்கி வைத்துவிட்டு, நான் வலது பக்கம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஸ்டியரிங்கைத் தேத்தண்ணிக் கோப்பையோடு குனிந்து பார்த்தார்.

"ஓட்டுறவன் அந்தப் பக்கமாவா ஒக்காருவான்? இந்தப் பக்கம்ல."

"இல்லம்மா. நான் வண்டியவே அளந்துட்டு வந்திருக்கேன்."

"நீ இப்பப் பாத்த. நான் அப்பப் பாத்தேன்."

யுத்த காலத்தில் பெரிய துரை பங்களாவுக்கு ராணுவக்காரர்கள் அடிக்கடி ஜீப்பில் வருவார்களாம். தோட்டத்து ரோடு ஒடுக்கம். வண்டிச் சத்தம் கேட்டதும் கங்காணி விசில் ஊத, கொழுந்துக் கூடையோடு பெண்களெல்லாம் இடது பக்கத்து மண்மேட்டோடு ஒட்டி நிற்பார்கள். ஓட்டுகிறவனின் முழங்கை கூடையை உரசிக்கொண்டு போகுமாம்.

"அவன் கன்னத்துல இருந்த மரு எனக்கு இன்னும் நெனப்பு இருக்கு. வண்டி வெலாவுல மண் அள்ளுற சவல் ஒண்ணும் கோடாலியும் கட்டியிருந்துச்சி. ரோட்டு வேலைக்கு ஆள் வந்திருச்சின்னு நாங்க சிரிப்போம்."

"சண்டைக்குப் போற வண்டியில சவல் எதுக்கும்மா?"

"அத அவன்கிட்டப் போய்க் கேளு."

அப்பா குறுக்கே வந்தார். "பயந்துபோயி நின்னவளுக்கு எந்தப் பக்கம்னு என்னா தெரியும்?"

"பயந்தது யாரு? ஃபேக்டரிக்குள்ளாற ஓடி ஒளிஞ்சது யாருன்னு ஒங்க மகளுக்குச் சொல்லவா?"

அப்பா சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. "எழுதப் படிக்கத் தெரியாதவங்க சொல்றத ஆதாரம்னு போட முடியாதும்மா" என்றேன். அம்மா கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் போனார். நான் ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒட்டி, பஜார் ஜீப்பின் பச்சை நிறத்திலேயே வர்ணம் அடித்தேன்.

கண்காட்சிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பள்ளி விட்டுக் கொட்டகலையில் பஸ் இறங்கினேன். கடை வாசலில் ஜீப் நின்றது. அம்மா சொன்னது தப்பு என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் நிம்மதி என்று கிட்டப் போனேன். இடது பக்கத்தில், மீட்டர் பலகைக்குக் கீழே, வட்டமாக ஒரு தகரத் துண்டு திருகாணி வைத்து முடுக்கியிருந்தது. அளந்த அன்று அதன் மேலே சாக்கு கிடந்தது.

"அண்ணே, இது என்னா?"

"பழைய ஸ்டியரிங் ஓட்டை தங்கச்சி. ஏலத்துல எடுத்தப்ப இந்தப் பக்கந்தான் இருந்துச்சி. முன்னால போற லாரிய முந்தப் போனா எதிர்ல வர்றது ஒண்ணும் தெரியாது. மொதலாளி கண்டியில குடுத்து மாத்தினாரு."

நான் இடது பக்க விலாவில் குனிந்து தடவினேன். பச்சை வர்ணத்துக்கு அடியில் வார் கோக்கிற இரும்பு வளையங்கள் கைக்குத் தட்டுப்பட்டன. இதில் என்ன கட்டியிருந்தார்கள் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து உளியால் ஸ்டியரிங்கைப் பெயர்த்து இடது பக்கம் ஒட்டினேன். பழைய இடத்தில் பலகையில் லேசான கீறல் விழுந்திருந்தது. அப்பா மரத்தூளும் பசையும் குழைத்துக் கீறலை அடைத்தார். பிறகு தகரத்தில் ஒரு சின்னச் சவலும் கோடாலியும் வெட்டினார்.

"சவல் எந்த எடத்துலம்மா இருந்துச்சி?" என்றேன்.

அம்மா அரிசி களைந்த ஈரக் கையோடு வந்து விரலை வைத்தார். "இங்க. இன்னும் கொஞ்சம் கீழ." முன்பு சொன்னதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கண்காட்சி அன்று முதலாளி மகள்தான் முதலில் பார்த்தாள். "எங்க வீட்டு ஜீப்பு. ஸ்டியரிங்க மாத்தி வச்சிருக்கா பாருங்கடி. தோட்டத்து ஜீப்புன்னா மம்பட்டி இல்லாம வருமா?" நாலைந்து பேர் சிரித்தார்கள்.

நடுவராக வேறு பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவர் வந்திருந்தார். அட்டையைப் படித்தார். ஆதாரம் என்ற இடத்தில், கொட்டகலை பஜார் ஜீப், நேரில் அளந்தது என்று எழுதியிருந்தேன்.

"அந்த ஜீப்ப நானும் பாத்திருக்கேன். ஸ்டியரிங் வலது பக்கந்தானே?"

தகரத் துண்டைச் சொன்னேன். இரும்பு வளையங்களைச் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

"வளையம் இருந்திச்சி, சரி. அதுல சவல்தான் கட்டியிருந்தாங்கன்னு எப்படித் தெரியும்?"

அதற்கு ஒரே பதில்தான் இருந்தது. முதலாளி மகள் பக்கத்திலேயே நின்றாள். அப்பா ஃபேக்டரியில் வேலை என்று மட்டும்தான் அதுவரை வகுப்பில் சொல்லியிருந்தேன். சவலைப் பிடுங்கிவிட்டால் பேச்சு முடிந்துவிடும். ஆனால் அது அந்த இடத்தில் இருந்தது என்று எனக்குத் தெரியும்.

"எங்கம்மா பாத்தாங்க சேர். மலையில கொழுந்து எடுக்கிறாங்க. ரோட்டோரம் நின்னு பாத்தாங்க."

"அப்ப அத ஏன் எழுதல?"

அவருடைய பேனாவை நீட்டினார். எல்லோரும் பார்க்க, அதே அட்டையில் எழுதினேன்: என் தாயார், கொழுந்து பறிப்பவர், நேரில் கண்டது.

நுவரெலியாவுக்கு என் ஜீப் போகவில்லை. ஒரு மின்சார நிலையமும் ஒரு தேயிலை ஃபேக்டரியும் போயின. மற்றதெல்லாம் சரி, ஆனால் ராணுவ வண்டி இப்படிப் பளபளக்காது என்று நடுவர் சொன்னார். சாயங்காலம் அதை வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"அது சரிதான். நனைஞ்ச சாக்கு மாதிரி இருக்கும். வெயில் பட்டாலும் மினுங்காது."

"அத ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"நீ சவலத்தான கேட்ட. கலரு கேட்டியா?"

நான் கொப்பியையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கத்தில் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தேன். முன் சக்கரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தேன்.