சிவப்புப் பொட்டு வைத்த லைட்டர்

இது எனக்கு நடந்தது. நம்பாவிட்டால் எனக்கு நிம்மதிதான். ஏனென்றால் இதில் பேயைவிட நான்தான் அசிங்கமாக இருக்கிறேன்.

காடு மலை என்று தங்கப் போகிறவர்களுக்கான சாமான் கடையில் எனக்கு விற்பனை வேலை. ரீசார்ஜபிள் லைட்டர் கேட்டு வந்தால் என்னிடம்தான் அனுப்புவார்கள். கேஸ் வேண்டாம், காற்றில் அணையாது, பட்டனை அழுத்தினால் 'டிக்' என்று நீலப் பொறி வரும். சார்ஜ் எவ்வளவு என்று காட்ட நான்கு புள்ளி விளக்குகள். வருகிறவர்களுக்கெல்லாம் அழுத்திக் காட்டவே ஒன்றைத் தனியாக வைத்திருந்தேன். மற்றவற்றோடு கலந்துவிடாமலிருக்க அதன் அடியில் மனைவியின் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு. ஒரு வருஷம் அழுத்தி அழுத்தி அதன் பேட்டரி செத்துவிட்டது. நான்கு புள்ளியும் ஜோராக எரியும்; பத்துத் தடவை அழுத்தினால் படுத்துவிடும்.

ஒரு மழை நாளில் தேன்காரர் ஒருவர் வந்தார். மலையில் தேனீப் பெட்டிகள் வைத்திருப்பவர். மாதத்தில் பத்து நாள் மேலே தனியாகத் தங்குவாராம். கரண்ட் கிடையாது.

"தீப்பெட்டி நமத்துப் போகுது தம்பி. இத நம்பலாமா?"

"கண்ண மூடிட்டு வாங்குங்கண்ணே."

"எதுக்கும் ரெண்டு தீப்பெட்டியும் வச்சுக்கவா?"

"இது இருக்கிறப்ப அது எதுக்கு?"

உள்ளே போய்ப் பார்த்தால் புதிது ஒன்றுகூட இல்லை. வாய் கிழியப் பேசிவிட்டேன், இப்போது இல்லையென்று சொல்லக் கூச்சம். பொட்டு வைத்ததைத் தூசி தட்டிப் பெட்டியில் போட்டேன். கடையில் வைத்துக்கொள்ளும் வாரன்டி அட்டையில் அவர் விலாசத்தைக்கூட நானே எழுதினேன். பிறகு மறந்தும் போனேன்.

இரண்டு மாதம் கழித்து நானும் மனைவியின் அண்ணனும் அதே மலையில் கூடாரம் போட்டோம். மாலை 6.40. பனி இறங்கிவிட்டது. விறகில் தீ மூட்டி, பாத்திரத்தில் தண்ணீர் வைத்தேன்.

"ஓடையில இன்னும் கொஞ்சம் தண்ணி எடுத்துட்டு வரேன் மாப்ள," என்று மச்சான் கேனுடன் இறங்கிப் போனார்.

6.52. எனக்குப் பின்னால் ஒரு சத்தம்.

டிக்... டிக்... டிக்...

திரும்பினேன். ஓர் ஆள். மழைக்கோட்டின் தலைமூடிக்குள் முகம் தெரியவில்லை. கோட்டு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அன்று மழையே இல்லை. கருகிய தேன் வாசனை வந்தது.

"பத்த மாட்டேங்குது தம்பி. பாருங்க."

வாங்கினேன். கை விறைக்கும் குளிர்ச்சி. அடியில் சிவப்புப் பொட்டு.

சத்தியமாகச் சொல்கிறேன், பேய் என்று அப்போது தோன்றவே இல்லை. மச்சான் வருவதற்குள் இந்த மனிதர் போய்விட வேண்டுமே, என் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடுமே... அந்தப் பயம்தான்.

"சார்ஜ் போடலையா?" என்றேன், ஒன்றும் தெரியாதவன் போல.

"என் வீட்டுக்காரி ராத்திரி முழுக்கப் போட்டா. அவமேல தப்பில்ல. நீங்களே அவகிட்ட சொல்லிடுங்க."

நெருப்பின் மேல் கையை நீட்டினார். இன்னும் கிட்டத்தில்... தீ விரல்களைத் தொட்டது. அவர் கையை இழுக்கவில்லை.

கட்டைவிரலில் தோலே இல்லை.

தலையைக் குனிந்துகொண்டேன்.

நிமிர்ந்தால்... யாரும் இல்லை.

கையில் லைட்டரும் இல்லை.

7.15. மச்சான் வந்து பாத்திரத்தில் விரலை விட்டார்.

"நெருப்பு இப்படி எரியுது, தண்ணி ஏன் ஐஸ் மாதிரி கெடக்கு?"

நான் இன்னொரு விறகை எடுத்து வைத்தேன்.

மூன்றாம் நாள் கடைக்கு ஓர் அம்மா வந்தார். ஒட்டியிருந்த உறையை என் முன்னால் கிழித்தார். லைட்டர். அதே பொட்டு.

"போன மாசம் என் வீட்டுக்காரர் மலையில நனைஞ்சு, குளிர்ல விறைச்சே போயிட்டாரு. கட்டைவிரல் தோல் உரியற வரைக்கும் இத அழுத்தியிருக்காரு. இத்தன நாள் போலீஸ்ல வச்சிருந்தாங்க, இன்னைக்குத்தான் குடுத்தாங்க. நான் சரியா சார்ஜ் போடாம விட்டுட்டேனா தம்பி? தூக்கமே வரல."

போன மாதம்... அப்படியானால் மூன்று நாள் முன்பு என்னிடம் பேசியது?

பதில் என் தொண்டை வரை வந்தது. பக்கத்தில் முதலாளி நின்றிருந்தார்.

"பாத்தாத்தாம்மா தெரியும்," என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார்.

"முந்தாநேத்து கனவுல வந்தாரு. 'உன்மேல தப்பில்ல, கடைக்காரத் தம்பிகிட்ட சொல்லி அனுப்பியிருக்கேன், போய்க் கேளு'ன்னாரு."

காத்து நின்றார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

லைட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும் மனைவி என் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"கட்டைவிரல்ல என்னங்க, தோலே இல்ல?"

நாலு மாதம் ஆகிறது. புண் ஆறவில்லை. அந்த அம்மாவின் விலாசம் வாரன்டி அட்டையில், என் கையெழுத்திலேயே இருக்கிறது. கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் வீடு.

நான் இன்னும் போகவில்லை.