அருள் அண்ணன்

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் ஏழு வருடமாகக் கிளிக்கு மூக்கு வரைந்துகொண்டிருந்தவள் நான். அச்சில் வார்த்த கிளி, சிவப்பு மூக்கு, அடுத்த கிளி. என் கையாலேயே ஒரு பொம்மை செய்ய வேண்டும் என்று நச்சரித்ததில், முதலாளி ஒருநாள் துண்டுச்சீட்டு ஒன்றை நீட்டினார்.

"ஒரு காலேஜு யூனிவர்சிட்டி ஆயிடுச்சாம். ஆரம்பிச்சவங்களுக்குப் பொம்மை வேணுமாம். போட்டோ கூட இல்லியாம். நீயே செய். தேறலன்னா திரும்ப கிளி மூக்குதான்."

போனில் கேட்டு அவர் எழுதியிருந்தது: 'அருள் சகோதரிகள் மூன்று பேர். வாடகை வீட்டில் தையல் வகுப்பு தொடங்கினார்கள்.'

அருள் என்று யாரோ ஒரு புண்ணியவான், அவருக்கு மூன்று தங்கைகள் என்று எடுத்துக்கொண்டேன். மூத்தவளுக்குக் கண்டிப்பான முகம், நடுவில் உள்ளவள் வாயாடி, கடைசி செல்லம். மூவருக்கும் பட்டுச்சேலை, பெரிய பொட்டு, தலை நிறையப் பூ. அண்ணனை விட்டுவிட மனசு வரவில்லை. மடித்துக் கட்டிய வேட்டியும் முறுக்கு மீசையும் வைத்து அவரையும் செய்தேன்.

பொம்மைகளை எடுத்துப்போக வேன் வந்தது. வெள்ளைச் சேலையில் இரண்டு சிஸ்டர்கள் இறங்கி, "யூனிவர்சிட்டிலேர்ந்து வரோம்" என்றார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அருட்சகோதரிகள்! நாங்கள் சிஸ்டர் என்றே சொல்லிப் பழகியவர்கள். முதலாளி அந்தச் சொல்லை இரண்டாக உடைத்திருந்தார், நான் அதற்கு மீசையே வைத்துவிட்டேன். சூளையில் வெந்த பொட்டு, தேய்த்தாலும் போகாது.

பெரிய சிஸ்டர் மீசைக்காரரைக் கையில் எடுத்தார். "இவரு யாரும்மா?"

"அருளுங்க. அவங்க... அண்ணன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் சிரித்தார்கள் பாருங்கள், பெரிய சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, பாதி பயத்தில்.

"மூணு பேரையும் வெள்ளைச் சேலையில மறுபடி செஞ்சு குடும்மா. மூஞ்சி இதேதான் இருக்கணும். இவ்ளோ நாளு எங்களுக்கு அவங்க மூஞ்சியே தெரியாம இருந்துது."

"இவரு?"

"இவர இப்பவே எடுத்துட்டுப் போறோம். எங்க மொதக் கட்டடத்தக் கட்டின கொத்தனாரப் பத்திச் சொல்லுவாங்க. அவருக்கும் போட்டோ இல்ல."

யூனிவர்சிட்டியில் வரலாற்று அறை திறப்புக்கு என்னையும் கூப்பிட்டார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் கண்டிப்பும் வாயாடியும் செல்லமும் வெள்ளைச் சேலையில் நிற்க, பக்கத்தில் மீசை. ஒரு மாணவி, "இவரு யாரு, அக்கா?" என்றாள்.

"கொத்தனாரு" என்றேன், வாய்வரை வந்த அருள் அண்ணனை விழுங்கிக்கொண்டு.

பட்டறையில் இப்போது கிளிக்கு மூக்கு வரைவது முதலாளிதான்.