திருப்பி வாங்காத அண்டா

நம் வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் பிடித்து வைக்கிறோமே, அந்த அலுமினிய அண்டாவின் விளிம்பில் ஒரு பெயர் வெட்டியிருக்கும். “இது யாரு பேருப்பா?” என்று கேட்டீர்கள். அது முதலாளியின் தாயார் பெயர். அவர்கள் வீட்டு அண்டா நம்மிடம் எப்படி வந்தது, இந்த வருஷம் திருவிழா அன்று அதை வண்டியில் ஏற்றி எங்கே கொண்டுபோனேன், ஏன் திரும்பக் கொண்டுவந்தேன் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். நான் பத்தாவதோடு நின்றவன், கோர்வையாக எழுத வராது. ஆனால் வாயால் சொன்னால் எரிச்சலில் பாதி விட்டுப்போகும்.

முதலாளி என்றால் உங்களுக்கு மகனைத்தான் தெரியும். நான் சொல்வது பெரியவரை. கம்பம் ரோட்டை ஒட்டி அவர் திராட்சைத் தோட்டம். என் அப்பாவும் அம்மாவும் அந்தப் பந்தலுக்குக் கீழேதான் நாள் பூராவும் அண்ணாந்து நின்று கொத்து வெட்டினார்கள். நல்ல மனுஷர். இதைக் குத்தலாகச் சொல்லவில்லை. ஒரு நாள் தோட்டத்தில் அப்பாவைக் கட்டுவிரியன் கடித்தது. முதலாளி ஜீப்பின் பின் சீட்டில் உட்கார்ந்து, அப்பாவின் சேறு படிந்த காலைத் தன் வெள்ளை வேட்டி மேல் வைத்துப் பிடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அப்பா பிழைத்து வந்து நடந்தது அவரால்தான். எனக்கு டிரைவர் வேலை பழகிக் கொடுத்ததும் அவர்தான். அதனால்தான் அவரை நினைத்தால் எனக்கு முழுசாகக் கோபமும் வராது, முழுசாக மனசு ஆறவும் ஆறாது.

சித்திரைத் திருவிழாவில் அன்னதானம் அவர் செலவு. கோயில் மண்டபத்தில் பந்தி நடக்கும். ஊர்க்காரர்கள் அங்கே இலை போட்டுச் சாப்பிடுவார்கள். நம் காலனிக்கு மட்டும் சாப்பாடு டிராக்டரில் வரும். சோறு, சாம்பார், பாயசம் எல்லாம் அண்டா அண்டாவாக. “வேகாத வெயில்ல நீங்க எதுக்கு அம்புட்டுத் தூரம் நடக்கணும்?” என்பார். அம்புட்டுத் தூரம்! அந்த மண்டபத்தைத் தாண்டித்தான் தினமும் அவர் தோட்டத்துக்கு வேலைக்கு நடந்தோம். அப்போதெல்லாம் வெயில் அடிக்கவில்லை போலிருக்கிறது.

அதிலும் ஒரு வழக்கம். வந்த அண்டாவைத் திருப்பி வாங்க மாட்டார்கள். ஒவ்வொரு வருஷமும் தாயார் பெயர் வெட்டிய புது அண்டாக்கள் வரும், இங்கேயே தங்கிவிடும். காலனியில் கல்யாணம் காட்சி என்றால் பாத்திரம் வாடகைக்கு எடுக்கிற வேலையே கிடையாது. எங்களுக்கு அது பெருமை. பக்கத்து ஊர்ச் சொந்தக்காரர்களிடம், எங்க மொதலாளி சோத்த அண்டா ஏனத்தோட குடுப்பாக என்று பீற்றிக்கொள்வோம். நாம் கை வைத்த பாத்திரம் மறுபடி அவர்கள் அடுப்பில் ஏறாது என்பதை யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. இதற்குப் பெயர் சாதி, பிள்ளைகளே. பாயசத்தில் கலந்து வந்தால் அது நாக்குக்குத் தெரிவதில்லை.

அம்மாவுக்குத் தெரிந்தது. உத்தமபாளையத்தில் நாங்கள் பழம் இறக்குகிற மண்டிக்கார ராவுத்தர் ஒருவர் வீட்டில் கல்யாணம். கூப்பிட்டிருந்தார்கள், போனோம். பெண்கள் பக்கத்தில் ஒரு பெரிய தட்டில் சோற்றைப் போட்டுச் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட்டார்கள். வாசலில் நின்ற அம்மாவையும் கையைப் பிடித்து இழுத்து அதே தட்டில் உட்கார வைத்தார்கள். பஸ்ஸில் வரும்போது அம்மா கறியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “அந்தப் பொம்பள கறித்துண்ட பிச்சு ஏம் பக்கம் தள்ளிவிட்டாடா” என்று மட்டும் சொன்னாள்.

அந்த வருஷம் திருவிழா முடிந்த மறுநாள் அம்மா அண்டாவைச் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தாள். நான் தூக்குகிறேன் என்றாலும் விடவில்லை. தலையில் வைத்துக்கொண்டு முதலாளி வீட்டு வாசலுக்கே போய் இறக்கினாள். நானும் கூடப் போயிருந்தேன்.

“ஏத்தா, இதைப் போயா சொமந்துக்கிட்டு வந்த? ஒங்களுக்குன்னு குடுத்ததுதான, வச்சுக்கங்க” என்றார் முதலாளி.

“ஏனம் வேணாம் மொதலாளி. அடுத்த வருசம் நாங்களும் மண்டபத்துக்கு வந்து பந்தியில ஒக்காந்துக்கிறோம். எங்களுக்கு ஒரு எலை போடச் சொல்லுங்க, போதும்.”

அவர் முகம் வாடிவிட்டது. கோபம் இல்லை, மனசு நொந்துதான் கேட்டார். “நான் ஒங்களுக்கு என்ன கொறை வச்சேன்?”

பாம்பு கடித்த காலை மடியில் தாங்கியவர் கேட்கிற கேள்வி அது. அம்மா அண்டாவை மறுபடி தலையில் ஏற்றினாள். அடுத்த வருஷம் டிராக்டர் வந்தது. அண்டா பெரிசாகியிருந்தது. பாயசத்தில் முந்திரி கூடியிருந்தது. குறை என்னவென்று அவர் கண்டுபிடித்த விதம் அது. காலனியே அம்மாவைப் பாராட்டியது. “போயி நாலு வார்த்த கேட்டதும் நல்லதாப் போச்சு ஆத்தா” என்றார்கள். அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

முதலாளி இறந்தபோது நான் அழுதேன். பொய் அழுகை இல்லை. அம்மாவும் அடுத்துப் போய்ச் சேர்ந்தாள். இப்போது மகன் நடத்துகிறார். காலனிக்கு அண்டா வருவதில்லை, சாப்பிட்டதும் தூக்கிப் போடுகிற டப்பாவில் பார்சல் வருகிறது. திருப்பி வாங்காத சங்கடம் கூட அவர்களுக்கு இல்லை. இந்த வருஷம் எனக்குப் போன் செய்தார். “அண்ணே, காலனிப் பார்சலுக்கு ஒங்க வண்டியவே சொல்லிருக்கேன். ஒங்க ஆளுகளுக்கு நீங்களே குடுத்தா சந்தோசமா இருக்கும்ல.” சந்தோஷம்!

திருவிழா அன்றைக்குத்தான், அம்மா சுமந்துபோய்த் திரும்பக் கொண்டுவந்த நம் வீட்டு அண்டாவைத் தேய்த்து வண்டியில் ஏற்றினேன். பக்கத்து வீட்டு மாமா, “ஏலே, வர்ற சோத்தையும் கெடுத்துப்புடாதடா” என்று கத்தினார். மண்டபத்து வாசலில் முதலாளி மகன் முன்னால் இறக்கி வைத்தேன். உள்ளே பந்தி ஓடிக்கொண்டிருந்தது, காலி இலைகளும் இருந்தன. “தம்பி, இது ஒங்க அப்பத்தா பேரு போட்ட ஏனம். இதுலயே சமைங்க. நாங்க இங்கன வந்து சாப்புடுறோம்” என்றேன்.

அவர் சிரித்தபடியே என் தோளில் கை போட்டார். “என்னண்ணே, நமக்குள்ள இதெல்லாமா? ஒங்களுக்குன்னு ஸ்பெசலாப் பார்சல் கட்டிருக்கு. இதை நீங்களே வச்சுக்கங்க.”

அவர் அப்பா மாதிரியே, அச்சு மாறாமல். நான் பார்சலை ஏற்றவில்லை. வேறு வண்டியில் கொண்டுவந்து கொடுத்தார்கள். எல்லார் வீட்டிலும் சாப்பிட்டார்கள், நம் வீட்டில் மட்டும் வாங்கவில்லை. பாயசம் போச்சே என்று நீங்கள் இரண்டு பேரும் என்னோடு பேசாமல் இருந்தீர்கள். அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடம் நான் இல்லை.

அண்டா இப்போது பழைய இடத்திலேயே இருக்கிறது. அடுத்த சித்திரையிலும் கொண்டுபோவேன். உள்ளே ஒரு இலை போடும்வரைக்கும் கொண்டுபோவேன். அதற்கு இரண்டு பக்கமும் கைப்பிடி இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். என் அம்மா தனியாகத் தலையில் சுமந்தாள். நானும் தனியாகத்தான் ஏற்றி இறக்கினேன். அடுத்த தடவை ஆளுக்கு ஒரு பக்கம் பிடியுங்கள்.