தனம் ஆன்டி வீட்டு மங்கு

மூடியைத் திறந்தால் ஏலக்காய் வாசம் வரும். நாற்பது வருடமாக அதில் யாரும் எதுவும் ஊற்றவில்லை, எத்தனையோ முறை கழுவிக் கவிழ்த்தும் ஆயிற்று. ஆனாலும் மூக்கை உள்ளே விட்டால் எனக்கு அந்த வாசம் வந்துவிடும். என் மூக்கு பொய் சொல்கிறது என்று நீங்கள் சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

வெள்ளை எனாமல் பூசி, விளிம்பில் நீலக் கோடு ஓடும் மூடி போட்ட பாத்திரம் அது. எங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அதை 'மங்கு' என்போம். எல்லார் வீட்டிலும் ஒரே மாதிரி மங்கு இருந்ததால், அடையாளத்துக்கு அடிப்புறத்தில் 'கியூடெக்ஸ்' நகச்சாயம் தடவி வைப்பார்கள். பக்கத்து வீட்டுத் தனம் ஆன்டி சிவப்பில் ஒரு 'த' போட்டிருந்தார். மங்குகள் வீட்டுக்கு வீடு போய்வந்தபடி இருக்கும். வந்த மங்கை வெறுமனே திருப்பி அனுப்பக்கூடாது என்பது மட்டும் அங்கே யாரும் மீறாத சட்டம். ஒன்றும் இல்லையென்றால் ஒரு கை சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது அப்பா பட்டறையில் காலை உடைத்துக்கொண்டு வீட்டில் கிடந்தார். அந்த நேரம் பார்த்துத் தனம் ஆன்டி, தன் மகள் விஜயாவின் பிறந்தநாளென்று முந்திரி மிதக்கும் சேமியா பாயசத்தை அந்த மங்கு நிறையக் கொடுத்தனுப்பினார். நானும் தம்பியும் விரலால் வழித்து நக்கியதில் மங்கைக் கழுவ வேண்டிய வேலையே இருக்கவில்லை.

மறுநாள் நான்தான் கேட்டேன், ஒரு கை சீனி போட்டுக் கொடுத்துவிட்டு வரட்டுமா என்று.

"பாயசம் குடுத்தவங்களுக்கு வெறுஞ்சீனியா? என்னடி நெனைப்பாங்க? அப்பா வேலைக்குப் போகட்டும், முறுக்கு சுட்டுக் குடுப்போம்" என்றார் அம்மா.

அப்பா வேலைக்குப் போக ஐந்து மாதம் ஆனது. முதல் வாரம் அம்மாவுக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு மாதம் போனதும் கூச்சம் பயமாகிவிட்டது. தனம் ஆன்டி துணி காயப்போட வந்தால் அம்மா உள்ளே போய்விடுவார், கடைக்குப் போவதென்றால் பின்சந்து வழியாகத்தான். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து "காமாட்சி, இருக்கியா?" என்று குரல் வரும்போது, 'அம்மா குளிக்கிறாங்க' என்று சொல்ல என்னை அனுப்புவார். நாலைந்து முறை அப்படிச் சொன்னபின் குரல் வருவது நின்றுபோனது. அப்பாவுக்குக் கால் கூடுவதற்குள் ஒரு காலை அவர்கள் வீட்டு வாசலில் லோரி வந்து நின்றது, கிள்ளானுக்குப் போகிறார்களாம். தனம் ஆன்டி லோரியில் ஏறி உட்கார்ந்தபின்னும் எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கதவுக்குப் பின்னால் மங்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதன்பின் நாங்கள் செந்தூலுக்குப் போனோம், பிறகு செமினிக்கு. போன இடமெல்லாம் மங்கும் வந்தது, அலமாரிக்கு மேலே, துணி சுற்றி, யார் கண்ணிலும் படாமல். முறுக்கு சுடும் அளவுக்கு வசதி வந்தபின்னும் அம்மா கிள்ளானுக்குப் போகவில்லை. "இனிமே எந்த மூஞ்சியோட போறது?" என்பார். அவர் இறந்ததும் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். அப்போதுதான் நகரத்துக் கலைக்கூடம் ஒன்று, அன்றாட வீட்டுச் சாமான்களைக் கலைப்பொருளாக வைக்கும் கண்காட்சிக்குப் பழைய பாத்திரங்கள் கேட்டது. மரியாதையான இடத்துக்குத்தான் போகிறதென்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்தக் கையை வெட்டினால்கூடத் தகும்.

சென்ற மாதம் போய்ப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் மங்கு, மூடி தனியாகப் பக்கத்தில். உள்ளே அடிவரை தெரியும்படி மேலிருந்து வெளிச்சம். 'எனாமல் பாத்திரம், அடியில் சிவப்பு அலங்காரக் குறி' என்று அட்டையில் எழுதியிருந்தார்கள். அங்கே என் வயதுப் பெண்ணொருத்தி குனிந்து, மங்குக்குக் கீழே பதித்திருந்த முகம்பார்க்கும் கண்ணாடியில் தெரிந்த அந்தச் சிவப்புக் குறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சுக் கொடுத்தேன், தனம் ஆன்டி மகள் விஜயா.

மங்கைத் திருப்பித் தராத கதையை அழுதுகொண்டே சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மங்கு கெடக்குது லா. அம்மா அத ஒருநாளும் கேட்டதில்ல. 'காமாட்சி ஏன் என்கிட்ட பேசறத நிறுத்திட்டா? என் பாயசத்துல என்ன கொறை கண்டா?'ன்னுதான் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. போன வருஷம் சாகறப்பகூட."

அதன்பின் நான் தூங்கிய தூக்கமெல்லாம் தூக்கமே இல்லை. போன வாரம் ஒரு பொட்டலம் சீனியோடு மறுபடி போனேன். ஒரு கை மட்டும் உள்ளே போடவிடும்படி அங்கே வேலை செய்யும் பெண்ணிடம் கெஞ்சினேன்.

"சாரி ஆன்டி, எறும்பு வந்துரும். உள்ள எதுவுமே வைக்கக்கூடாது."

திருப்பித் தரவும் முடியாதாம். நான்தான் எழுதிக் கொடுத்துவிட்டேனே.

குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிகள் நிற்கின்றன. வேலி இல்லை, பின்சந்து இல்லை, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்ட குரலும் இல்லை, குளிப்பதாகப் பொய் சொல்ல என்னை அனுப்பிய அம்மாவும் இல்லை. சீனிப் பொட்டலம் இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது. வெறுமையாய் இருப்பதை ஒருவரும் பார்த்துவிடக்கூடாதென்று அம்மா சாகும்வரை ஒளித்து வைத்திருந்த மங்கை, நான் விளக்குப் போட்டு ஊருக்கே காட்டிக்கொண்டிருக்கிறேன்.