அரை இஞ்ச் மாஸ்டரின் வலது கை

தையல்கடைத் தெருவில் அவரை எல்லோரும் அரை இஞ்ச் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அளவெடுக்க நிறுத்தினால் போதும், ஆம்பளைகள் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துத் தொப்பையை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். மாஸ்டர் கண்டுகொள்ளாத மாதிரி டேப்பைச் சுற்றிவிட்டு, வெட்டும்போது அரை இஞ்ச் கூட்டி வெட்டிவிடுவார். எந்த மனுஷனும் தன் உண்மையான அளவில் நிற்கமாட்டான் என்பது அவர் கட்சி.

ஒரு நாள் வெட்டிக்கொண்டிருந்தபோதே கத்திரி கையிலிருந்து நழுவியது. ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் புற்றுநோய்க் கட்டி. மண்டையில் சின்னத் துளையிட்டுத் துணுக்கெடுத்துப் பரிசோதித்த டாக்டர், சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"மண்டையத் திறந்து முடிஞ்சவரைக்கும் எடுத்துட்டு, அப்புறம் கதிர்வீச்சும் மாத்திரையும் கொடுக்கறது ஒரு வழி. அதுலதான் நாள் கூடக் கிடைக்கும். ஆனா கட்டி, வலது கைய ஆட்டுற எடத்த ஒட்டி இருக்கு. கை போனாலும் போகலாம். திறக்காம கதிரும் மாத்திரையும் மட்டும் கொடுக்கலாம். கை தப்பலாம், நாள் குறையலாம். எதுவும் வேணாம்னா வலிக்கும் வீக்கத்துக்கும் மட்டும் மருந்து."

"கை போனா போகட்டும். எனக்கு ஆள் வேணும்," என்றாள் மனைவி. அதே கடையில் காஜா போடுபவள்.

"கத்திரி பிடிக்காத கைய வச்சிட்டு நான் என்ன பண்றது?" என்றார் மாஸ்டர். பிடிவாதத்துக்கு எந்த டாக்டரிடமும் மருந்து கிடையாது. கதிரும் மாத்திரையும் மட்டும் என்று முடிவானது.

கதிர் விழும்போது தலை இம்மி கூட அசையக் கூடாது. அதற்காக வெந்நீரில் இளக்கிய வலைத் தகட்டை முகத்தின்மேல் இழுத்துப் படியவைத்து முகமூடி செய்கிறார்கள். இறுகியதும் அதோடு சேர்த்து ஆளை மேஜையில் பூட்டிவிடுவார்கள். படுத்திருந்த மாஸ்டருக்குத் தொழில்புத்தி விடவில்லை. ஈரமும் சூடுமாகத் தகடு மூக்கில் படிந்த நேரம், யாருக்கும் தெரியாமல் கன்னங்களை லேசாக உப்பிக்கொண்டார்.

மறுவாரம் முதல் கதிருக்குப் போனார்கள். அந்த அறையின் அலமாரியில் வெள்ளை முகங்கள் வரிசையாக, கண் இல்லாமல், மேலே பார்த்தபடி கிடந்தன. ஒன்றில் மாஸ்டரின் பெயர் ஒட்டியிருந்தது. மனைவி அதைப் பார்த்ததும் ஒரு எட்டு பின்வாங்கினாள். கொழுத்த முகம். அவரை மாதிரியும் இருந்தது, அவரை விழுங்கிவிட்டு வந்த யாரோ மாதிரியும் இருந்தது.

"இது நீங்க இல்லீங்க," என்றாள் மெதுவாக.

மனைவியை வெளியே அனுப்பிவிட்டு, அவரைப் பூட்டிப் படம் எடுத்துப் பார்த்த கதிர் அறைப் பெண்ணுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. முகமூடிக்குள் தலை நகர்கிறது.

"சார், கன்னத்த உப்பிட்டுப் படுத்தீங்களா?"

"கொஞ்சம் தாராளமா இருக்கட்டும்னு..."

"இங்க தாராளம் பார்த்தா, கதிர் கட்டிய விட்டுட்டு உங்க கைக்கான எடத்துல விழும் சார்."

மாஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது. எந்தக் கைக்காக அவ்வளவு அடம் பிடித்தாரோ, அந்தக் கையைத் தானே பொசுக்கப் பார்த்திருக்கிறார்.

புது முகமூடிக்குப் படுத்தார். இந்த முறை மூச்சைக் கூட அளந்துதான் விட்டார். தகடு இறுகியது. கண்ணைத் திறக்க முடியவில்லை. தன் மூச்சே வேறு யாரோ காதருகில் விடுவதுபோல் கேட்டது.

"சார், கைய ஆட்டாதீங்க," என்றாள் அந்தப் பெண்.

"நான் ஆட்டலையே," என்றார் மாஸ்டர், பல்லைத் திறக்க முடியாமல்.

அந்தப் பெண் குனிந்து கையைப் பார்த்தாள். பிறகு அவசரமாகப் பூட்டைக் கழற்றி முகமூடியைத் தூக்கினார்கள். மாஸ்டர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். மேஜை ஓரத்தில் அவருடைய வலது கை, கட்டைவிரலும் சுட்டுவிரலும் விரிந்து மூடி, விரிந்து மூடி, இல்லாத துணியை நிதானமாக வெட்டிக்கொண்டிருந்தது. நிறுத்திப் பார்த்தார். நிற்கவில்லை.

"கட்டி பண்ற வேலை சார், வலிப்பு. மருந்து கொடுத்தா நின்னுடும்," என்றபடி அந்தப் பெண் டாக்டருக்குப் போன் போட்டாள்.

மனைவி உள்ளே ஓடிவந்து அந்தக் கையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தாள். அவள் பிடிக்குள்ளும் விரல்கள் வெட்டிக்கொண்டுதான் இருந்தன. மாஸ்டர் கையைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார்.

"ஆபரேஷனே பண்ணச் சொல்லு."

"கை போயிடும்னாங்களேங்க?"

"அது என் பேச்சக் கேக்கல. நானாவது உன் பேச்சக் கேக்குறேன்."