நாலு மணி நேர டார்ச்

போன ஐப்பசியில் ஒரு டார்ச் லைட்டைப் பற்றி நான் பொய் எழுதிக் கொடுத்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இடையில் வரும் வேடிக்கைகளைப் படித்துவிட்டு என்னை நல்ல மனிதன் என்று நினைத்துவிடுவீர்கள்.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே, வாய்க்காலின் கடைமடை. தண்ணீர் எங்களுக்குக் கடைசியில்தான் வந்து சேரும். மழை பிடித்துவிட்டால் கதை தலைகீழ். மேலே உள்ள ஊர்களின் தண்ணீரெல்லாம் எங்கள் வயல் வழியாகத்தான் வடிய வேண்டும். விடியும் முன்னும் பொழுது சாய்ந்த பின்னும் வரப்பைச் சுற்றிப் பார்த்து, நண்டு வளை அடைத்து, மடை திறந்துவிட வேண்டியிருக்கும். அதற்கு முந்தின வருடம் வரப்பில் ஒருவரைக் கட்டுவிரியன் கடித்து, அவர் பிழைத்ததே பெரிய காரியம். அதன் பிறகுதான் எங்கள் உழவர் குழு, உறுப்பினர் நாற்பது பேருக்கும் ஒரே மாதிரி நல்ல டார்ச் வாங்குவதென்று முடிவெடுத்தது.

எதை வாங்குவது என்ற பேச்சு வந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் முப்பத்து மூன்று வருடம் இயற்பியல் வாத்தியார். குழுவில் பாதிப் பேர் என் மாணவர்கள். "சார் பாத்து எழுதிக் குடுத்தா போதும்" என்றார்கள்.

மாதிரி டார்ச்சைக் கொண்டுவந்தவர் என் மாப்பிள்ளை. மன்னார்குடி கடைத்தெருவில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. நாற்பது டார்ச் எங்கள் ஊருக்குப் போனால் அடுத்த ஊர்க் குழுக்களும் அவரைத் தேடி வரும். கடை நிலைக்குமா நிலைக்காதா என்பது அந்த ஒரு ஆர்டரில் இருந்தது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

அவர் கோடியக்கரைக்காரர். அப்பா கடலுக்குப் போகிறவர். என் மகள் அவரை விரும்பித்தான் கல்யாணம் செய்துகொண்டாள். நான் தடுக்கவில்லை, மேடையில் நின்றேன், அட்சதை போட்டேன், சிரிக்கவில்லை. நான்கு வருடமாக அவரிடம் மரியாதையாகவே பேசினேன், கலெக்டர் ஆபீசில் பேசுவதுபோல. நெல் விளையும் வீட்டுக்கு மீன் பிடிக்கும் வீட்டிலிருந்து ஒருவர் வந்துவிட்டார் என்பதைத் தவிர அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. படித்தவன் இப்படி நினைக்கலாமா என்று கேட்டால், கூடாது. நினைத்தேன்.

"கோடியக்கரையில எங்க அப்பா இதே மாடல்தான் மாமா வச்சிருக்காங்க. உப்புக்காத்துக்கே தாங்குது" என்று டார்ச்சை என் கையில் கொடுத்தார். ஒரு சாண் நீளம். கறுப்பு அலுமினிய உடம்பு, தலையில் ரப்பர் வளையம், பின்பக்கம் பொத்தான், சார்ஜ் ஏற்றும் துளைக்கு ரப்பர் மூடி.

"கடல் வேற, வயல் வேற" என்றேன்.

"ஆமா மாமா. அதான் நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றார்.

அடுத்த மூன்று நாட்கள் எனக்கு வாலிபம் திரும்பியது. ஓய்வு பெற்ற பிறகு என்னை யாரும் எதையும் அளக்கச் சொன்னதில்லை. முதல் நாள் அந்தி இருட்டில் கொல்லையில் நின்று வாய்க்காலுக்கு அப்பால் இருக்கும் பனைமரத்தில் அடித்தேன். இருநூற்றுப் பத்து எட்டு தூரம். மட்டையில் இருந்த தூக்கணாங்குருவிக் கூடு தெரிந்தது. கூட்டுக்குள்ளிருந்து பலத்த கண்டனமும் வந்தது. ஆனால் வரப்பில் நடப்பவனுக்குப் பனைமரம் எதற்கு? அவனுக்குத் தேவை காலடி. சில டார்ச்சுகளில் நடுவில் ஒரு பொட்டு கண்ணைப் பறிக்கும், சுற்றிலும் இருட்டு. பாம்பு இருப்பது அந்த இருட்டில்தான். இதில் நடுவெளிச்சத்தைச் சுற்றி அகலமாக ஒரு மெல்லிய வெளிச்சம் விரிந்தது. வரப்பும் தெரிந்தது, இரண்டு பக்கத்துப் பயிரும் தெரிந்தது. நிறமும் கொஞ்சம் மஞ்சள். மார்கழிப் பனியில் வெள்ளை வெளிச்சம் திரும்பி நம் முகத்திலேயே அடிக்கும். மஞ்சள் அப்படி இல்லை. நோட்டுப்புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். எல்லாம் உண்மை.

இரண்டாம் நாள் அடி, உதை. தோள் உயரத்திலிருந்து நெல் காயவைக்கும் சிமெண்டுக் களத்தில் பத்து முறை போட்டேன். மோட்டார் கொட்டகைக் கூரையிலிருந்து இரண்டு முறை. சேற்றில் புதைத்து அதன்மேல் டிராக்டரை ஏற்றச் சொன்னேன். டிரைவர் தயங்கினார்.

"உங்க மாப்ள குடுத்ததா சார்?"

"ஆமா."

"அப்ப ஏத்துறேன். என் மாமனாரும் என்மேல இப்படித்தான் ஏத்துவாரு."

சேற்றிலிருந்து எடுத்துக் கழுவினால் எரிந்தது. சாயங்காலம் மோட்டார் தொட்டித் தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்க வைத்தேன். உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்பதை இங்கே எழுத வேண்டும். ஒரு சொட்டாவது இறங்கும் என்று எதிர்பார்த்திருந்தேன்.

பேட்டரியைப் பார்ப்பதுதான் மிச்சம். இரண்டு நாள் எரித்ததில் இருந்த சார்ஜ் முழுவதும் தீர்ந்திருந்தது. டார்ச்சைத் துடைத்து, மோட்டார் கொட்டகை பிளக்கிலேயே சார்ஜுக்குச் செருகிவிட்டு வீட்டுக்கு வந்தேன். எங்கள் பக்கத்தில் விவசாய மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் முறை வைத்துத்தான் வரும். அந்தக் கொட்டகை பிளக்கின் வயரிங் எப்படியென்றால், மும்முனை வரும் நேரத்தில் மட்டும்தான் அதற்கும் உயிர். ஊரில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் அது தெரியும். அந்த வாரம் எங்கள் முறை விடியற்காலை மூன்றரைக்குத்தான் தொடங்கியது. சாயங்காலம் செருகும்போது அது என் நினைவில் இல்லை. இதுவரை மறதி.

காலை ஆறு மணிக்கு எடுக்கப் போனேன். சார்ஜ் நிறைந்தால் பச்சையாக மாற வேண்டிய சிறு விளக்கு சிவப்பாக இருந்தது. நிறைய ஆறு மணி நேரம் வேண்டும். ஏறியிருப்பது இரண்டரை மணி நேரம். அந்தக் கணக்கு என் தலையில் அப்போதே ஓடி முடிந்துவிட்டது. ஆனாலும் பிளக்கிலிருந்து பிடுங்கினேன். இது மறதி இல்லை.

பகலில் இருட்டுக்கு எங்கே போவது? வீட்டில் காலியாகக் கிடந்த பத்தாயத்துக்குள், நெல் கொட்டும் அந்த மரப்பெட்டிக்குள், டார்ச்சை எரியவைத்து மூடினேன். அரை மணிக்கு ஒரு தடவை மூடியைத் தூக்கித் தலையை உள்ளே விட்டுப் பார்த்தேன்.

என் மனைவி சமையலறையிலிருந்து வந்து நின்றாள். "ஏங்க, உள்ள என்ன முட்டையா வச்சு அடைகாக்குறீங்க?"

"பேட்டரி டெஸ்ட்."

"பாத்து, தலைய விட்டுட்டு மூடிராதீங்க. குழுவுல அப்புறம் யார் கையெழுத்துப் போடுறது?"

வெளிச்சத்தை மிதமாக வைத்தால் பத்து மணி நேரம் எரியும் என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார். நான்கு மணி நேரம் பத்து நிமிடத்தில் அணைந்தது. அன்று மாலைக் கூட்டத்தில் என் அறிக்கையை வாசித்தேன். வெளிச்சம் நன்று. உடம்பு உறுதி. 'இரவு முழுவதும் சார்ஜ் செய்தும்' பேட்டரி நான்கு மணி நேரமே நின்றது, மழைக்காலத்துக்குப் போதாது. நல்ல வார்த்தை இரண்டு முன்னால் இருந்ததால் மூன்றாவதை யாரும் சந்தேகப்படவில்லை. ஒரு நாள் தவணை கேட்டு மறுபடி சோதித்திருக்கலாம். கேட்கவில்லை. தஞ்சாவூரில் ஒரு பெரிய கடையில் விலை விசாரித்து, அடுத்த கூட்டத்தில் அங்கே ஆர்டர் கொடுப்பதென்று பேசிக் கலைந்தார்கள்.

மாப்பிள்ளை பின்வரிசையில் நின்றிருந்தார். "சரிங்க மாமா" என்று மட்டும் சொன்னார். டார்ச்சைத் திரும்பக் கேட்கவில்லை. "அத்தைக்கு இருக்கட்டும்" என்று வைத்துவிட்டுப் போனார்.

பத்து நாள் கழித்து மழை பிடித்தது. மரம் விழுந்து கம்பி அறுந்து ஊருக்கே கரண்ட் இல்லை. என் மனைவி அந்த டார்ச்சை எப்போதோ சமையலறையில் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறாள். இரண்டு நாளும் சமையல், சாப்பாடு, மாட்டுக்கு வைக்கோல் எல்லாம் அந்த வெளிச்சத்தில்தான் நடந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் அதை என் முகத்துக்கு நேராக அடித்தாள்.

"ஏங்க, உங்க நாலு மணி நேர டார்ச்சு இன்னும் எரியுது. நான் கூட்டிப் பாத்துட்டேன். பத்துக்கு மேல ஆச்சு."

கண் கூசியதா, மனம் கூசியதா தெரியவில்லை, சொல்லிவிட்டேன். மோட்டார் கொட்டகை, மூன்றரை மணி, சிவப்பு விளக்கு, எல்லாவற்றையும். டார்ச்சை அணைக்காமலேயே கேட்டாள். பிறகு, "பரிட்சையில பிட் அடிச்ச புள்ளைங்கள எத்தனை பேர வெளிய நிக்க வச்சிருப்பீங்க? இப்ப நீங்க எங்க நிக்கப் போறீங்க?" என்றாள்.

"கூட்டத்துல" என்றேன்.

"எப்போ?"

"நாளைக்கு."

"நானும் வர்றேன். வழியில மனசு மாறிருவீங்க."

மறுநாள் குழுவின் விதைக் கிடங்கில் கூட்டம். தஞ்சாவூர்க் கடைக்குக் கடிதம் எழுதத் தாள் எடுத்து வைத்திருந்தார்கள். நான் எழுந்தேன். "அந்த பேட்டரி அறிக்கை பொய். சார்ஜ் பாதிதான் ஏறியிருந்தது. தெரிஞ்சேதான் எழுதினேன்" என்றேன். எப்படி நடந்தது என்பதையும் சொன்னேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஊரில் அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதுதான் எனக்கு அதிக வெட்கமாக இருந்தது.

பின்னாலிருந்து ஒரு குரல், என்னிடம் பத்தாம் வகுப்பில் இரண்டு முறை தோற்றவர்: "டேய், சாரே பிட் அடிச்சுட்டாருடா!"

அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பில் கிடங்குப் புறாக்கள் வெளியேறிவிட்டன.

"எனக்கு எத்தனை பிரம்படி சார், ஓம்ஸ் விதிக்கு!"

"சார், ஏறுங்க பெஞ்சு மேல!"

"முட்டி வலிக்கும்டா அவருக்கு."

"நமக்கு வலிக்கலியா?"

ஏறினேன். என் மனைவிதான் கை கொடுத்து ஏற்றிவிட்டாள். எழுபத்து நான்கு வயதில் பெஞ்சின்மேல் நின்று பார்க்கும்போது தெரிந்தது, அத்தனை முகத்தில் ஒன்றில்கூடக் கோபம் இல்லை. நானும் சிரித்துவிட்டேன். அவ்வளவு லேசாக நான் அந்த ஊரில் ஒருநாளும் நின்றதில்லை.

இந்த முறை சோதனையைக் குழுவே எடுத்துக்கொண்டது. கரண்ட் வந்ததும் அதே டார்ச்சை ஆறேழு பேர் அவரவர் வீட்டில் ஒருநாள் வைத்திருந்து, நிறைய சார்ஜ் ஏற்றி, எரிந்த நேரத்தைக் கிடங்குச் சுவரில் கரிக்கட்டியால் எழுதினார்கள். ஒன்பதரைக்குக் கீழே ஒரு எண்ணும் இல்லை. ஒருவர் பன்னிரண்டு என்று எழுத, "உன் கடிகாரம் ஓடுதா மொதல்ல?" என்று கேட்டு அந்த எண்ணை அடித்துவிட்டார்கள். ஆர்டர் மாப்பிள்ளைக்கே போனது.

புது அறிக்கை எழுத உட்கார்ந்தபோது அவரை வீட்டுக்கு அழைத்தேன். மகளும் வந்திருந்தாள். மன்னிப்புக் கேட்க நான் மனதில் கோர்த்து வைத்திருந்த வாக்கியங்கள் நீளமானவை. முதல் வாக்கியத்திலேயே அவர் குறுக்கிட்டார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் மாமா. நாலு மணி நேரத்துல அணைஞ்சா, ரெண்டரை மணி நேரம்தான் சார்ஜ் ஏறியிருக்கும். கடையில பாத்திருக்கேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"எல்லார் முன்னாடியும் எப்படிச் சொல்றது? இவ அழுவா." மகளைக் காட்டினார். நான் பொய் எழுதியது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.

பிறகு அவர் தாளைக் காட்டினார். "குறையையும் எழுதுங்க மாமா. மாமனார் எழுதிக் குடுத்தாருன்னு பேர் வரக் கூடாது." உண்மையில் குறைகள் இருந்தன. சேற்றுக் கையால் அழுத்தினால் பொத்தான் வழுக்குகிறது. இடுப்பில் மாட்டும் கொக்கி மெல்லியது. ரப்பர் மூடியைச் சரியாக அழுத்தாவிட்டால் தண்ணீர் போகும். மூன்றையும் எழுதினேன். கொக்கிக்குப் பதிலாக மீன்வலைக் கயிற்றில் கழுத்தில் மாட்ட ஒரு வளையம் பின்னி, நாற்பதோடும் அவரே கொடுத்தார்.

கிளம்பும்போது, "மழைக்கு அப்பா கரையிலதான் இருக்காங்க. ஞாயித்துக்கிழமை வாங்களேன்" என்றார். நான்கு வருடத்தில் நான் அந்த வீட்டுக்கு ஒருமுறைகூடப் போனதில்லை.

போனோம். மழை விட்டிருந்தது. உப்பளங்களைத் தாண்டும்போதே என் மனைவி ஜன்னலைத் திறந்து உப்புக்காற்றை வாங்கிக்கொண்டு பாட்டு முணுமுணுக்கத் தொடங்கிவிட்டாள். சம்பந்தி வாசலுக்கு வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார். உட்கார்ந்ததும் இலை போட்டார்கள். கொடுவா மீன் குழம்பு, இறால் தொக்கு, சோறு.

"டார்ச்சு ஆர்டர் கெடச்சுதாம்ல. எல்லாம் உங்க கையெழுத்துதான்னு பையன் சொன்னான். பெரிய மனசு சம்மந்தி" என்றார்.

என் பொய்யை மாப்பிள்ளை தன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. என்னைப் பார்க்காமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அப்படியே விட்டிருந்தால் விருந்து சுமுகமாக முடிந்திருக்கும். நான் சோற்றில் கை வைக்காமல் நடந்ததையெல்லாம் சொன்னேன். ஏன் செய்தேன் என்பதையும், ஊரில் யாரும் கேட்காத அதையும், அவர் வீட்டில் உட்கார்ந்து அவரிடமே சொன்னேன்.

அவர் மீசையைத் தடவிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் என் இலையில் இன்னொரு துண்டு மீன் வைத்தார்.

"நானும்தான் நாலு வருஷமா கரை பூரா உங்களப் பத்திப் பேசியிருக்கேன். கொஞ்சமாவா? மீனு ஆறுது, சாப்புடுங்க."

"என்ன பேசுனீங்க?" என்று கேட்டேன்.

சாப்பிட்டுக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னார். என் மனைவிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. இரண்டை மட்டும் மறுத்தேன். மற்றதெல்லாம் சரியாகத்தான் இருந்தது.