இரண்டு கிராமும் முப்பத்திரண்டு கிராமும்

என் நாத்தனார் கல்லூரியிலிருந்து வந்ததும் நேராக என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். புத்தகங்களைத் தரையில் போட்டாள். வைத்தாள் என்று சொல்ல முடியாது.

"அண்ணி, நாளையிலேருந்து எனக்குத் தையல் சொல்லிக் குடுங்க."

"ஏன், காலேஜ் என்னாச்சு?"

"கெமிஸ்ட்ரி எனக்கு வராது அண்ணி. டெஸ்ட் பேப்பர் குடுத்தாங்க. என்னத்துக்கு வீணா பஸ்ல போயிட்டு வரணும்?"

அப்போது அவள் பதினோராவது முடித்துவிட்டு, திருச்சியில் ஒரு கல்லூரியில் ஒரு வருடப் படிப்பான பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் தெருவில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். மாமனார் இல்லை. மாமியார் சீயக்காயும் வாசனைப் பொடியும் அரைத்து விற்பார். என் வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் ஃபிட்டர். நான் முசிறியில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த வருடமே கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தவள். அக்கம்பக்கத்தாருக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பேன்.

அவள் சொன்னதைக் கேட்டு எனக்கு வந்தது இரக்கமில்லை, கோபம். காரணம் இதுதான்: காலையில் அவள் இரட்டைப் பின்னலோடு பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, என்னில் ஒரு பாதியும் கூடவே காவிரிப் பாலம் தாண்டிப் போய் வரும். பள்ளியில் எனக்குக் கணக்கு ரொம்பப் பிடிக்கும். அவள் நின்றுவிட்டால் என் பாதியும் நின்றுவிடும்.

"எது வரலைங்கறே? காமி."

அவள் புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினாள். எல்லாம் இங்கிலீஷ். பதினோராவது வரைக்கும் தமிழில் படித்துவிட்டுப் போன பெண்ணுக்குத் திடீரென்று எல்லாமே இங்கிலீஷில் வந்தால் மூச்சு முட்டத்தான் செய்யும். ஆனால் கஷ்டம் பாஷையில் இல்லை என்பது அரைமணி நேரத்தில் தெரிந்துவிட்டது. அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு பேருமாக அந்தப் பக்கத்தைத் தமிழாக்கி முடித்தோம். வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம் தெரிந்தது. விஷயம் மட்டும் புரியவில்லை.

மோல் என்று ஒரு அளவு. ஹைட்ரஜன் வாயுவில் ஒரு மோல் என்றால் இரண்டு கிராம். ஆக்சிஜன் வாயுவில் ஒரு மோல் என்றால் முப்பத்திரண்டு கிராம்.

"ரெண்டு கிராமும் ஒண்ணு, முப்பத்திரண்டு கிராமும் ஒண்ணா?" என்று கேட்டேன்.

"அதத்தான் நானும் கேக்கறேன். மோல்ங்கறது எடையா அண்ணி? எடைன்னா ஒரே எடையா இருக்க வேணாமா? எண்ணிக்கைன்னா எதுக்கு கிராம்ல சொல்றாங்க?"

"கிளாஸ்ல கேட்டியா?"

"அறுபது பேரு இருக்கற கிளாஸ்ல யாரு எந்திரிச்சு கேக்கறது?"

என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்ததும் அவரிடம் கேட்டோம். அவர் கைகால் கழுவிவிட்டு வந்து, புத்தகத்தைப் பார்த்து, "இது டஜன் மாதிரி. ஒரு டஜன்னா பன்னெண்டு. ஒரு மோல்னா இந்தப் பெரிய நம்பர். அவ்வளவுதான். மனப்பாடம் பண்ணிடு" என்றார். அந்தப் பெரிய நம்பர், ஆறு என்று எழுதி அதற்குப் பின்னால் இருபத்துமூன்று சுழியம் போடுகிற மாதிரி ஒன்று.

"டஜனை எண்ணிப் பாக்கலாம்ண்ணா. இதை யாரு எண்ணினாங்க?" என்றாள் அவர் தங்கை.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "எனக்குப் பசிக்குது" என்றார்.

பிறகு நான்கைந்து நாட்கள் எனக்கு அதே நினைப்பு. கொள்ளிடத்தில் துணி அலசும்போதும் இரண்டு, முப்பத்திரண்டு. அவளோ கெமிஸ்ட்ரி புத்தகத்தைத் தொடவே இல்லை. கல்லூரிக்குப் போனாள், வந்தாள், என் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் துளைக்குக் காஜா எடுத்தாள். மாமியாருக்கு அது பொறுக்கவில்லை. "ஊசி நூலை எப்ப வேணும்னாலும் எடுக்கலாம். அந்தப் புஸ்தகத்த இப்பத்தான் எடுக்க முடியும்" என்று உரலடியிலிருந்தே சத்தம் போடுவார். மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகள் படிப்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

அந்தச் சமயத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்காகக் கோலாட்டம் ஆடுகிற பிள்ளைகளுக்கு ஜாக்கெட் தைக்கும் வேலை வந்தது. எல்லாம் முதுகுப் பக்கம் திறக்கிற ஜாக்கெட். நிறைய பிரஸ் பட்டன் வேண்டும். அட்டையில் குத்தி வரும் பட்டன் அன்றைக்குக் கிடைக்கவில்லை. திருச்சி பெரிய கடை வீதியில் ஒரு கடைக்காரர் உதிரிப் பட்டன் இருக்கிறது என்றார். குமிழ் உள்ள பாதி ஒரு டப்பாவில், குழி உள்ள பாதி இன்னொரு டப்பாவில். குமிழைக் குழியில் அழுத்தினால் ஒரு பட்டன்.

"எண்ணிக் குடுக்கறதெல்லாம் ஆகாதும்மா. எடைதான்" என்றார் கடைக்காரர்.

"அப்ப ரெண்டுலயும் சமமா போடுங்க" என்றேன். அப்போதுதான் கடைகளில் பலமும் தோலாவும் போய் கிராம் கல் வந்திருந்தது. இதில் ஐம்பது கிராம், அதில் ஐம்பது கிராம் நிறுத்து இரண்டு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார்.

ஜாக்கெட் தைத்து முடித்துப் பட்டன் வைக்க ஆரம்பித்தேன். என் நாத்தனாரும் கூட உட்கார்ந்தாள். அது ஒரு சனிக்கிழமை மத்தியானம். முக்கால்வாசிகூட முடியவில்லை, குழிப் பொட்டலத்தில் ஒரு பிடி அளவுதான் மிச்சம் இருந்தது. குமிழ்ப் பொட்டலத்தைப் பார்த்தால் தாராளமாகக் கிடந்தது.

"அந்தக் கடைக்காரரு ஏமாத்திட்டாரு" என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை ஜாக்கெட் கொடுத்தாக வேண்டும். "என் கண்ணு முன்னாடிதான் தராசுல போட்டாரு. ரெண்டும் சமமாத்தான் நின்னுச்சு. எப்படி ஏமாத்தினாருன்னு தெரியல."

நாத்தனார் உள்ளங்கையில் ஒரு குமிழையும் ஒரு குழியையும் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழிப் பாதிக்குள்ளே மெல்லிசாக ஒரு கம்பி வளைந்து உட்கார்ந்திருக்கும். தகடும் கொஞ்சம் தடிமன்.

"அம்மா, தராசு குடேன்" என்று கூப்பிட்டாள்.

மாமியார் தன் வாசனைப் பொடித் தராசை யாரையும் தொட விடமாட்டார். பித்தளையில் சின்னத் தட்டு, பட்டுக் கயிறு. "எதுக்குடி?" என்றபடி அவரே எடுத்துக்கொண்டு வந்து, அவரே தூக்கிப் பிடித்தார். நாத்தனார் ஒரு தட்டில் பத்துக் குமிழும் இன்னொரு தட்டில் பத்துக் குழியும் போட்டாள். குழித் தட்டு சட்டென்று இறங்கியது.

"பாத்தீங்களா அண்ணி, கடைக்காரரு ஏமாத்தல."

குமிழ்த் தட்டில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனாள். பதினைந்தாவது குமிழ் விழுந்ததும் முள் நடுவில் நின்றது. நான் இருபது குழியை வைத்துப் பார்க்கச் சொன்னேன். முப்பது குமிழ் கேட்டது.

"பத்துக் குழி எடை பதினஞ்சு குமிழ் எடை. அப்ப ஒரு குழி ஒரு குமிழைவிட ஒண்ணரை மடங்கு கனம்" என்றேன். கணக்கு வந்துவிட்டால் எனக்கு அழுகை நின்றுவிடும். "சம எடை வாங்கினது என் தப்பு. குமிழ் ரெண்டு பங்கு வாங்கினா குழி மூணு பங்கு வாங்கியிருக்கணும். அப்பத்தான் எண்ணிக்கை சமமா வரும்."

"ரெண்டு பலம்னா மூணு பலம்" என்றாள் அவள்.

"ரெண்டு கிராம்னா மூணு கிராம். ரெண்டு மூட்டைன்னாலும் மூணு மூட்டைதான்."

"எண்ணவே வேண்டாம்."

"வேண்டாம்."

அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். குழம்பில் உப்பு சரியாக விழுந்துவிட்டது தெரிந்தவள் மாதிரி ஒரு நிதானம் வந்தது. எழுந்து உள்ளே போய், பல நாளாகத் தொடாத புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணி, ரெண்டு கிராம், முப்பத்திரண்டு கிராம். அது எடை சமம்னு சொல்லவே இல்லை. ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறைவிடப் பதினாறு மடங்கு கனம். அதனால பதினாறு மடங்கு எடை எடுத்தா…"

"எண்ணிக்கை ஒண்ணாயிடும்" என்று நான் முடித்தேன்.

"யாரும் ஒண்ணொண்ணா எண்ணல அண்ணி. கண்ணுக்கே தெரியாதத எப்படி எண்ணறது? நிறுத்தே எண்ணிக்கிறாங்க. மோல்ங்கறது எண்ணிக்கைதான். நம்ம கைக்கு எட்டறது தராசு, அதனால கிராம்ல சொல்றாங்க."

பிறகு நாங்கள் பட்டனை மறந்துவிட்டோம். சோடியம் அணுவுக்கு இருபத்துமூன்று, குளோரின் அணுவுக்கு முப்பத்தைந்தரை. அத்தனை கிராம் அதையும் அத்தனை கிராம் இதையும் எடுத்தால் ஒன்றுக்கு ஒன்று ஜோடி சேர்ந்து உப்பாகும், ஒன்றும் மிஞ்சாது. ஜோடியின் எடை ஐம்பத்தெட்டரை. புத்தகத்தைப் புரட்டினோம், அதே ஐம்பத்தெட்டரை அச்சில் இருந்தது. அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். தண்ணீருக்கு எப்படி என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "ஒரு குழிக்கு ரெண்டு குமிழ் கேக்கற பட்டன்னு வச்சுக்குங்க" என்று ஆரம்பித்துத் தானே போட்டுப் பார்த்தாள். நாலு கிராம் ஹைட்ரஜனுக்கு முப்பத்திரண்டு கிராம் ஆக்சிஜன். அதுவும் சரியாக வந்தது.

மாமியார் இன்னும் தராசைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றிருந்தார். "உப்புக்கா இவ்வளவு கணக்கு?" என்றார்.

"ஒரு கை உப்புல எத்தனை ஜோடி இருக்கும் தெரியுமாம்மா? ஆறு போட்டு இருபத்துமூணு சைபர்."

"அவ்வளவையுமாடி நான் ரசத்துல போட்டேன்?" என்றார் மாமியார். நாங்கள் சிரித்த சிரிப்பில் தராசுத் தட்டு ஆடியது.

திங்கட்கிழமை அவள் கல்லூரி விட்டதும் இரண்டு பேரும் அந்தக் கடைக்குப் போனோம். வீட்டிலேயே கணக்குப் போட்டிருந்தோம். ஐம்பது கிராம் குமிழுக்கு எழுபத்தைந்து கிராம் குழி. ஐம்பது ஏற்கெனவே வாங்கியாயிற்று. இன்னும் இருபத்தைந்து.

"குழி மட்டும் இருபத்தஞ்சு கிராம் குடுங்க."

"குழி மட்டுமா? குமிழும் சேத்து வாங்கிக்கம்மா. அப்புறம் பத்தாம போயிரும்."

"பத்தும்" என்றாள் நாத்தனார்.

"எண்ணிட்டு வந்தீங்களா?"

"எண்ணலைங்க. ஆனா தெரியும்."

அவர் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நிறுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து விளக்கு வைத்ததும் உட்கார்ந்து, தூங்கப் போவதற்குள் பட்டன் வேலையை முடித்தோம். கடைசியில் குமிழில் இரண்டு மிஞ்சியது, குழியில் ஒன்றுமில்லை. அந்த இரண்டுக்காக நான் வருத்தப்பட்டேன். "தராசு ஒண்ணு ரெண்டு முன்னபின்ன இருக்கும் அண்ணி. லேப்லயும் அப்படித்தான்" என்று எனக்குத் தேறுதல் சொன்னாள். ஒரு வாரத்துக்கு முன்னால் கெமிஸ்ட்ரியே வேண்டாம் என்றவள்.

அதற்கடுத்த வாரம் அவள் வகுப்பில் எழுந்து நின்று கேள்வி கேட்டாள். என்ன கேள்வி என்று மறந்துவிட்டது. ஆசிரியை ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லி, மறுநாள் ஞாபகமாக வந்து பதில் சொன்னாராம். அது அவளுக்கு அவ்வளவு பெருமை. விடுதியில் தங்கிப் படித்த ஒரு கிறிஸ்தவப் பெண் அவளுக்கு சிநேகிதி. அந்தப் பெண்ணுக்கும் மோல் புரியவில்லையென்று ஒரு சனிக்கிழமை வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டாள். மாமியார் தராசைத் தூக்கிப் பிடித்தார். இந்தத் தடவை யாரும் கேட்காமலே.

நான் அந்தப் புத்தகத்தை அவளோடு சேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படித்தேன். சில இடங்களில் அவளுக்கு முன்னால் எனக்குப் புரிந்துவிடும், சில இடங்களில் அவள் பத்துத் தடவை சொல்ல வேண்டியிருக்கும். ஒரு நாள் அவர்கள் கல்லூரியில் கண்காட்சி என்று என்னைக் கூட்டிப் போனாள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தராசு இருந்தது. மூச்சு பட்டால்கூட ஆடிவிடும் என்று கதவை மூடியே நிறுப்பார்களாம். என் விரல் மோதிரத்தைக் கழற்றி வாங்கி நிறுத்துக் காட்டினாள். வெள்ளைக் கோட்டு போட்டிருந்த என் நாத்தனாரை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு பெரிய மனுஷியாகப் பார்த்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் கேட்டாள்: "நீங்க ஏன் அண்ணி டிரெய்னிங் ஸ்கூலுக்கு எழுதிப் போடக்கூடாது? எஸ்.எஸ்.எல்.சி. போதும். ரெண்டு வருஷம். டீச்சர் ஆயிடலாம்."

"போடி. வீட்டை யாரு பாப்பா?"

அவள் அத்தோடு விடவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னாள். அவர் என்னைப் பார்த்து, "உனக்கு இஷ்டமா?" என்று கேட்டார். கல்யாணமான இத்தனை நாளில் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. நானும் கேட்கிற மாதிரி எதையும் சொன்னதில்லை. இஷ்டம்தான் என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. மாமியார் சீயக்காய் சலித்தபடி, "கேக்கறதப் பாரு. அன்னிக்கு ரெண்டு பேரும் உப்புக்குக் கணக்குப் போட்டப்பவே எனக்குத் தெரியும்" என்றார்.

அவள் பி.யூ.சி. தேறி, பி.எஸ்ஸி.க்குக் கெமிஸ்ட்ரியே எடுத்தாள். எனக்கு டிரெய்னிங் ஸ்கூலில் இடம் கிடைத்தது. பள்ளி கல்லூரி திறந்த அன்று மாமியார் இரண்டு டிபன் பாக்ஸ் கட்டினார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஏறினோம். காவிரியில் அப்போதுதான் புதுத் தண்ணீர் வந்திருந்தது. தெப்பக்குளம் ஸ்டாப்பில் அவள் இறங்கிக்கொண்டு, "போயிட்டு வரேன் அண்ணி. உங்க ஸ்டாப் அடுத்தது இல்லை, அதுக்கடுத்தது" என்று ஜன்னலுக்கு வெளியிலிருந்து கத்தினாள். பஸ்ஸில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருக்கவில்லை.